மழைப் பயணத்துக்கு எழுதிய தாள்

கொட்டாஞ்சேனை
3.6.1939

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேலை நெருக்கடியால் வெள்ளவத்தைப் பக்கம் வர முடியவில்லை. குறை நினைக்க வேண்டாம்.

என் மச்சான், ஜெகதீஸ்வரியின் அண்ணர் வரதராசா, குடும்பத்தோடு மலாயாவிலிருந்து லீவில் வந்து நிற்கிறார். மலைநாட்டு மழையைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடி. என் காரில் கூட்டிப்போகப் போகிறேன். கண்டி ஹோட்டலில் இரண்டு நாள், பிறகு பட்டிப்பொலைக் காட்டில் ஒரு பலகை வீட்டில் மூன்று நாள். 28ஆம் திகதி புறப்பாடு.

போன வருஷம் அண்ணா இதே பயணத்துக்கு ஒரு தாள் எழுதினாரே. எங்கே மண் சரியும், எந்தப் பாலத்தை வெள்ளம் மூடும் என்று ரோட்டு ஓவசியராக இருந்த அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அதை அனுப்பிவிடுங்கள்.

தங்கள் தம்பி
நாகேந்திரம்

வெள்ளவத்தை
6.6.1939

தம்பி நாகேந்திரத்துக்கு அண்ணி எழுதுவது.

உம்முடைய கடிதம் கிடைத்தது. மாசி மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் உம்முடைய கை எழுதியிருக்கிறது, அதுவும் ஒரு தாள் கேட்டு. நான் அஞ்சாம் வகுப்புக்காரி. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

தாள் அலுமாரியில் அவருடைய சேட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. அது எனக்காக எழுதின தாள், தம்பி. பதினெட்டு வருஷம் கேட்டேன். "ஊருக்கெல்லாம் ரோட்டுப் போடுறியள், என்னை ஒருக்கால் ஏத்திக்கொண்டு போனால் என்ன?" எண்டு. "மழைக்குத்தான் போகவேணும் அன்னம், வெய்யிலுக்கு எல்லாரும் போவினம்" எண்டு சிரிப்பார். மூன்று நாள் காய்ச்சலில் அவர் மட்டும் போய்விட்டார்.

நீர் 28 என்று எழுதியிருக்கிறீர். 29, வியாழக்கிழமை, ஆனி மாதத்துப் பூர்வபக்கத் திரயோதசி. உம்முடைய அண்ணனின் ஆட்டைத் திவசம், முதல் வருஷத்துத் திதி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்த கை உம்முடையது. ஐயருக்குச் சொல்லிவிட்டேன். விடிய ஏழு மணிக்கு முழுகிவிட்டு வாரும்.

அண்ணி
அன்னபாக்கியம்

கொட்டாஞ்சேனை
10.6.1939

அன்புள்ள அண்ணிக்கு,

தெரிந்து செய்யவில்லை. அண்ணா தவறியது ஜூலை 10 என்று காலண்டரில் சிவப்பு மையால் சுற்றி வைத்திருந்தேன். அதற்கு முதல் திரும்பிவிடலாம் என்றுதான் நாள் வைத்தேன். பஞ்சாங்கம் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது ஹோட்டலில் அறை சொல்லியாயிற்று. மச்சானுக்கு 5ஆம் திகதி கப்பல். ஜூலை 10 அன்றே திவசத்தைச் செய்தால் என்ன? கொழும்பில் இப்போது பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொரு யோசனை. பலகை வீட்டில் சமையலுக்கு ஆள் இல்லை. ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் நல்ல சோறு கேட்பார்கள். நீங்களும் வந்தால் உங்கள் மனமும் கொஞ்சம் மாறும். காரில் இடம் இல்லை. நீங்கள் கோச்சியில் நேரே பட்டிப்பொலைக்கு வந்துவிட்டால் நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

தாளை மறக்க வேண்டாம்.

நாகேந்திரம்

வெள்ளவத்தை
13.6.1939

தம்பிக்கு,

என்னைச் சமைக்கக் கூப்பிட்டதை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுகிறேன்.

ஐயரைக் கேட்டேன். "செத்தவர் இங்கிலீஷ் காலண்டர் பார்த்தே அம்மா வருவார்?" எண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரித்தேன் தெரியுமா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டு நாள் பிந்திப் போம். வியாழன் காலமை வந்து பிண்டம் வைத்துவிட்டு வெள்ளி விடியப் புறப்படும். கண்டியில் ஒரு நாள் குறைந்தால் மலாயாப் பிள்ளைகள் செத்துப்போகாதுகள். வழிக்குப் புளிச்சாதமும் கட்டித் தருகிறேன், தாளையும் கையில் தருகிறேன். ஓம் என்று ஒரு வரி எழுதும்.

அண்ணி

வெள்ளவத்தை
1.7.1939

திரு. நாகேந்திரம் அவர்கட்கு,

நீங்கள் பயணத்தால் வரும்போது இந்தக் கடிதம் உங்கள் வீட்டில் கிடக்கும்.

ஒரு வரி வரும் என்று புதன் வரைக்கும் பார்த்தேன். வியாழன் ஒரே மழை. காலி ரோட்டில் கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஏழுக்கு வரச் சொன்ன ஐயர் பதினொரு மணி வரைக்கும் பஞ்சாங்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு, "உரித்துக்காரர் வராவிட்டால் உங்கட கையால தர்ப்பை வாங்கி வேறை ஆள் செய்யலாம்" எண்டார்.

தில்லைநாதன் வந்திருந்தார். உங்கள் அண்ணனுக்குக் கீழே ரோட்டு வேலை பார்த்தவர். சாப்பிட்டுப் போக வந்த மனுஷன். "நான் சொந்தமில்லையே அம்மா" எண்டார். "சொந்தக்காரர் கண்டியில நிக்கினம்" எண்டேன். கிணற்றில் முழுகி ஈர வேட்டியோடு வந்து இருந்தார். என் கையால் தர்ப்பை வாங்கிப் பிண்டம் வைத்தார். இனி வருஷா வருஷம் அவரே செய்வார். நீங்கள் காலண்டரில் சுற்ற வேண்டாம்.

கேட்ட தாள் இதனோடு இருக்கிறது. முன்சீட்டு அன்னத்துக்கு என்று எழுதியிருக்கிறது, அதை விடுங்கள். பாலங்களையும் மண் சரியும் இடங்களையும் தேடுமுன் தலைப்பில் உங்கள் தகப்பனாரைப் பற்றி உள்ள வரியைப் படியுங்கள். அவருடைய எழுத்து உங்களுக்குத் தெரியும்.

"ஆடியில் ஐயாவின் திவசம். அது முடிந்து மறுநாள்தான் புறப்பாடு. தம்பிக்குச் சொல்லவேண்டும்."

சொல்லிவிட்டேன்.

அன்னபாக்கியம்