கரையடி ஊற்று

டிச. 5, திங்கள்

மழை விட்டது. லாஸ்பேட்டை முழுக்க முறிந்த முருங்கைக் கிளைகள். ஸ்கூட்டர் கிளம்பவில்லை, பஸ். வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, மனைவி சரோஜா அதற்காக முகம் சுளிக்கவில்லை.

புயலுக்குப் பிறகு சேற்றுக்குட்டைக் கரையைப் பார்த்து அறிக்கை எழுதச் சொல்லி மேனேஜர் உத்தரவு. அவரை முதுகுக்குப் பின்னால் 'முசே' என்போம், பிரெஞ்சில் துரை. எந்த மழையிலும் அவர் பூட்ஸில் சேறு ஒட்டாது. சேற்றில் இறங்க ஓவர்சியர் நான் இருக்கிறேனே.

எங்கள் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணைக் கழுவிவிடும் சேறு தேங்கும் குட்டை அது. சுற்றிலும் மூன்று ஆள் உயர மண்கரை. அதன் கீழே பதினோரு வீடுகள்.

பார்த்தது:
மேலே அரிப்பு, இரண்டு இடம். முழங்கால் ஆழம்.
வெளிச்சரிவில் மழை கீறிய கோடுகள், ஏழு.
விரிசல் இல்லை.
அடியில் ஒரு கசிவு. புதிது.

கசிவைச் சுற்றி மூன்று செங்கல், மஞ்சள், கற்பூரம், பித்தளைச் சொம்பு. முதல் வீட்டுத் தனம் ஓடிவந்தாள். ஜாக்கெட் தைப்பவள்.

"அம்மனே ஊத்தா வந்து கண்ணத் தொறந்துருக்கா சார். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

கழற்றினேன். தண்ணீர் லேசாக வெள்ளை. பால் ஊற்றியிருக்கிறார்கள், மிச்சம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். 'நீர் தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

டிச. 6, செவ்வாய்

தூறல். அரிப்புக்கு மண் போட அடையாளம் வைக்கப் போனேன். ஊற்றில் இன்றும் வெள்ளை.

"இன்னிக்கும் பாலாம்மா?"

"பாலா? புயலடிச்சதுலேர்ந்து பால்காரரு எட்டியே பாக்கல சார். புள்ளைக்கே வரக்காப்பிதான்."

"அப்ப நேத்து?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சோம், கற்பூரம் ஏத்துனோம். அவ்ளோதான்."

பாட்டிலில் பிடித்து வைத்தேன். பத்து நிமிஷத்தில் அடியில் வெள்ளை மண். சொம்பும் கற்பூரமும் இருந்தால் பாலும் ஊற்றியிருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். குனிந்து தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வீடு வீடாகக் கத்தினேன். எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க, இப்பவே. தனம் புருஷன் மறித்தான்.

"நேத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுதான போன?"

"இன்னிக்குத்தான் கலங்கிச்சு" என்றேன். அப்படியே வாயில் வந்தது.

தையல் மிஷினையும் தூக்க வேண்டும் என்றாள் தனம். இரும்புக் கால், நாலு பேர் வேண்டும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விரட்டினேன். கசிவின் மேல் கொட்ட வரவழைத்த சரளை லாரி வழியிலேயே சேற்றில் புதைந்தது. மணல் மூட்டை அடுக்க ஆளும் போதவில்லை.

டிச. 7, புதன்

நல்ல வெயில். காலை பத்து மணிக்குக் கரை ஊற்று இருந்த இடத்தில் சரிந்தது. சத்தம் அதிகமில்லை. தெருவில் ஜன்னல் உயரம் வெள்ளைச் சேறு. மூன்று வீடு போயிற்று, முதலில் தனம் வீடு. உயிர்ச்சேதம் இல்லை.

முசே தோளில் தட்டினார். "கரெக்ட் டைம்ல ஆளுங்கள வெளியேத்திட்டய்யா. பேரு வாங்கிட்ட." முந்தாநாள் காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

டிச. 8, வியாழன்

வெயில். லீவு சொல்லிவிட்டு, சரிபண்ணிய ஸ்கூட்டரில் போனேன். வீடு இருந்த இடத்தில் தனம் தனியாகச் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். புருஷன் ஸ்கூலில், காய்ச்சல்.

"ஒரே ஒரு நாளு முன்னாடி தெரிஞ்சிருந்தா மிஷினத் தூக்கியிருப்போம் சார். உங்களச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க இல்லன்னா நாங்க இல்ல."

என்னால் தாங்க முடியவில்லை. "திங்கக்கிழமையே கலங்கித்தாம்மா இருந்துச்சு. நான் பாத்தேன். பாலுன்னு நெனச்சிட்டேன். உங்க வீட்டுக்காரருகிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

மண்வெட்டியை என் காலடியில் போட்டாள்.

"அள்ளு."

அள்ளினேன். அவள் மிஞ்சிய வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு மிஷின் வெளியே வந்தது. கழுவினேன். சக்கரம் சுற்றவில்லை.