அய்யாவுக்குப் பதில்

அண்ணே, இன்று போகி. தகரப் பெட்டியைத் திறந்தேன். ஏலக்காய் மணமே இல்லை, பழைய தாள் வாடைதான் வந்தது. பூச்சி அரிக்காமலிருக்கப் போகிதோறும் புது ஏலக்காய் போடுவது உன் வேலை. போன போகிக்கு முந்தியே நீ போய்விட்டாய். எனக்குப் பெட்டியைத் தொடவும் மனம் வரவில்லை.

ஊரே பழசை வெளியே எறிகிற நாளில், நாம் மட்டும் அய்யாவின் பட்டாளத்துக் கடுதாசிகளைக் கட்டிலில் வெயிலுக்கு விரிப்போம். நான் வயிற்றில் இருக்கும்போதே பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர் அவர். எதிரிக்குத் தெரியக்கூடாதென்று, அவர் இருந்த ஊரின் பெயரைப் பட்டாளத்தில் வெட்டி எடுத்துவிட்டுத்தான் தபாலை அனுப்புவார்களாம். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, "இங்கனதான் இருக்காக நம்ம அய்யா" என்பாய். எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பேன்.

அய்யா எழுதியதை நான் வாசிப்பேன். ஆத்தா எழுதவைத்த பதில்கள் அவரோடு அங்கேயே போய்விட்டன. அவற்றை நீ சொல்வாய். அவள் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு வாத்தியார் எழுதியபோது அவள் மடியில் இருந்தவன் நீயல்லவா! "மழ பேஞ்சு ஓடை ஓடுது. செவலப்பசு கன்னு போட்டிருக்கு. ராத்திரி கண்ணு முழிச்சுக் காவல் நிக்காதீக" என்று அவள் மாதிரியே இழுப்பாய்.

"பட்டாளத்துல காவல் நிக்காம என்ன செய்வாக?" என்று கேட்டால், "அது ஆத்தாவுக்குத் தெரியுமாடி?" என்பாய். பாதி நீயாகச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும். ஆத்தாவும் போனபின் நமக்கு அதுதான் ஆத்தா.

பெட்டியைத் திறந்ததுமே உன் மகள் கடுதாசிகளையெல்லாம் போனில் படம் எடுத்துவிட்டாள். "இனிமே தொலையாது அத்தை" என்றாள். நல்ல பிள்ளை. அந்தப் படங்களில் ஆத்தா பேசிய ஒரு சொல்லும் இல்லை. அதெல்லாம் உன்னோடு போய்விட்டது.

தேவாரம் ஊர்க் கடைவீதியில் ஏலக்காய் வாங்கி வந்து, கட்டிலில் தனியாக உட்கார்ந்து வாசித்தேன். பதில் இல்லாமல் வாசிப்பது சகிக்கவில்லை அண்ணே. கடைசிக் கடுதாசிக்கு வந்தேன். "பிறந்தது ஆணா, பெண்ணா? உடனே தெரியப்படுத்தவும்." அதற்கப்புறம் அய்யாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆத்தாவின் பதில் கைக்குக் கிடைத்ததா என்பதே தெரியாது. இந்த இடத்தில் நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொட்டப்புள்ள. அப்படியே ஒங்க மூக்கு" என்று என் மூக்கைப் பிடித்துத் திருகுவாய்.

பழக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு, தாளில் இருந்த அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, நானே சத்தமாகச் சொன்னேன்.

"பொட்டப்புள்ளதான் அய்யா. இங்கனதான் இருக்கேன்."