ஈர வளைவில் இரண்டு சக்கரங்கள்

ஓசூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி ஜெகதீஷுக்கு,

அக்கா பூங்கொடி எழுதுவது. நானும் அப்பாவும் நலம். போனைக் கொடுத்தால் நீ வாங்குவதில்லை என்று அம்மா சொன்னாள். அதனால்தான் கடிதம். வேலூரில் உன் ஆஸ்பத்திரிப் பக்கம் வெயில் கொளுத்துகிறதாமே. இங்கே ஒரு வாரமாகச் சாரல். பாகலூர் ரோட்டில் ரோஜாப் பசுமைக்குடில்கள் மூடுபனிக்குள் மிதப்பது மாதிரி இருக்கின்றன.

உன் ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட அப்பா நினைத்தார். அதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாமென்று உன் மெக்கானிக் கோபியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பின்பக்க டிஃபரன்ஷியலை அவன் பிரித்தபோது நானும் கூட உட்கார்ந்தேன். கம்பெனியில் தினமும் நான் கோக்கும் சாமான்தானே.

அம்மாதான் இதை உனக்குப் படித்துக் காட்டுவாள், அவளுக்கும் புரியட்டும். இன்ஜினின் இழுவையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பங்குபோடுவதுதான் டிஃபரன்ஷியல். வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கம் சாயும்போது, உள்பக்கச் சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றும். சாதாரண டிஃபரன்ஷியலில் இழுவை அதோடு வீணாகிவிடும். உன் காரில் இருப்பது லிமிடெட் ஸ்லிப். அதற்குள் இருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று இறுகி, தரையைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்கு இழுவையைத் திருப்பிவிடும். அந்தத் தகடுகள் வழவழவென்று தேய்ந்து கிடந்தன, தம்பி.

கார் கவிழ்ந்த அன்று ஆம்புலன்சில் என்னிடம், "என் கை பண்ண தப்புக்கா" என்றாய். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. தகடுகளால்தான் கார் கவிழ்ந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் உன் கை மட்டும் காரணமில்லை.

நசுங்கிய இடங்களைக் கோபி நிமிர்த்தினான், புதுத் தகடுகளை நான் கோத்துப் போட்டேன். நேற்று விடிந்ததும் நீ கார் ஓட்டிப் பழகிய அதே மைதானத்துக்குக் கொண்டுபோனோம். கோபி சாவியை என்னிடம் நீட்டி, "நீங்களே ஓட்டுங்கக்கா, நீங்க கோத்ததுதானே" என்றான்.

நீ கவிழ்ந்த அந்த வளைவு வந்தது. தரையெல்லாம் ஈரம். பாதி வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்பக்கம் லேசாக நெளிந்தது. அடுத்த நொடி இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைப் பற்ற, கார் தானாக வழி தெரிந்ததுபோல் வளைவை விட்டு வெளியே வந்தது. முன்னால் வெள்ளையாகப் பனி மட்டும். சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. உடம்பில் கனமே இல்லை. இதில் நீ ஏன் இப்படிக் கிறுக்காக இருந்தாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இறங்க மனசு வராமல் இன்னொரு சுற்றுப் போனேன். அந்தச் சுற்று முழுக்க அழுதேன். கோபிக்குத் தெரியாது.

காரை விற்கவில்லை. அப்பாவும் சரி என்றுவிட்டார்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாயாம். அம்மா சொன்னாள். அதைப் பற்றி நான் உன்னிடம் சண்டை போடப் போவதில்லை.

சனிக்கிழமை வருகிறேன். எழுந்து நில் என்று கேட்கமாட்டேன், கண்ணு. வாசல் பக்கமாகத் திரும்பிப் படுத்திரு. உள்ளே வந்ததும் உன் முகம் எனக்குத் தெரிந்தால் போதும்.

உன் அக்கா,
பூங்கொடி