என் படிகாரத்தைத் தொட்டது யார்

அக்டோபர் 27, திங்கள்

சவரம் நன்றாக வந்தது. வெந்நீர், பிரஷ், நுரை, புது பிளேடு, கடைசியில் ஈர முகத்தில் படிகாரக் கல்லை ஒரு சுற்று. எங்கே எரிகிறதோ அங்கே பிளேடை அழுத்திவிட்டேன் என்று அர்த்தம். இன்று எங்குமே எரியவில்லை. மழை தொடங்கியும் கன்னத்தில் ஒரு பரு கிடையாது. போன வருஷம் இதே சமயம் கட்டி கட்டியாகச் சீழ் வைத்து, மாஸ்க் போட முடியாமல், பெயின்ட் ஷாப்பிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். ஓ.டி. எல்லாம் போயிற்று. இந்த முறை சோப்பை மாற்றியது வேலை செய்கிறது.

ஒன்றுதான் உறுத்துகிறது. கல் நான் வைத்த மாதிரி இல்லை. மூலையில் சில்லு போயிருக்கிறது.

அக்டோபர் 29

மறுபடியும் சில்லு. சவரத்தில் தேய்ந்தால் வழவழவென்று தேயும், இப்படி உடையாது. எவனோ எடுக்கிறான், கீழே போடுகிறான்.

அறையில் மூன்று பேர். நான். லோகேஷ் - ட்ரிம்மர் ஆசாமி, சவரக் கத்தியைக் கண்டாலே பயம். இசக்கியப்பன் - திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஆகஸ்டில் வந்தான், இங்கே பக்கத்திலேயே வேர்ஹவுஸில் வேலை. நான் ஓ.டி. முடித்து வருவதற்குள் இரண்டு பேருமே வந்துவிடுவார்கள். ஆனால் இசக்கிக்கு நெஞ்சு வரை தாடி. தாடிக்காரனுக்குப் படிகாரம் எதற்கு?

அக்டோபர் 30

அக்குள்!

வியர்வை நாற்றத்துக்குப் படிகாரம் தேய்ப்பார்கள் என்று லைனில் காசிராஜன் சொன்னான். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இசக்கி மேல் வியர்வை நாற்றம் வந்ததே இல்லை. மூட்டை தூக்குகிறவன் மேல் எப்படி வராமல் இருக்கும்?

நவம்பர் 1

புதுக் கல் வாங்கினேன். டப்பாவில் போட்டு, மூடி மேல் என் சீப்பைக் குறுக்காக வைத்துவிட்டுப் போனேன்.

நவம்பர் 3

சீப்பு நேராக இருக்கிறது. கல்லில் மூலை இல்லை.

நவம்பர் 4

கேட்டுவிட்டேன். லோகேஷும் இருந்தான்.

"இசக்கி, என் படிகாரத்த எடுத்தியா?"

"எடுத்தேன்ணே."

ஒளிக்கவே இல்லை. அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஏறியது.

"எங்க தேச்ச?"

"எங்கயும் தேய்க்கலண்ணே. நான்தான் தாடி வச்சிருக்கேன்லா. தண்ணில-"

தண்ணீரில் விழுந்துவிட்டது என்று கதை விடப் போகிறான். மேலே பேச விடவில்லை. "நீ அக்குள்ல தேச்சத நான் மூஞ்சில தேச்சிகினு திரியணுமா? எனக்கு நோவு வந்தா நீயா வந்து லைன்ல நிப்ப?" என்றேன். லோகேஷ் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு இசக்கி வாயே திறக்கவில்லை. குற்றம் செய்தவன் எப்படித் திறப்பான்?

அறை என் பெயரில் இருக்கிறது. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 9

போய்விட்டான். ஒரகடத்தில் ஊர்க்காரர்களோடு. இங்கிருந்து வேலைக்கு நடந்தே போவான், இனி வண்டி மாறி மாறி வர வேண்டும். அது என் தலைவலி இல்லை. போகும்போது "வாரேன்ணே" என்று மட்டும் சொன்னான்.

கல் முழுசாக இருக்கிறது. நிம்மதி.

நவம்பர் 14

விடாத மழை. கல் முழுசாக இருக்கிறது. ஆனால் கன்னம் எரிகிறது. பிளேடு மட்டமோ?

நவம்பர் 17

தாடை முழுக்கப் பரு. பிரஷை உதறினால் அடியிலிருந்து மண் வருகிறது. லோகேஷ் வடித்த சோறு பழுப்பாக இருந்தது. அரிசிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? இல்லை, இசக்கி போகிற கோபத்தில் ஏதாவது செய்துவைத்துவிட்டுப் போனானா?

நவம்பர் 19

சீழ் வைத்துவிட்டது. மாஸ்க் பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. சூப்பர்வைசர் பார்த்தார், ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிட்டார்.

வந்த வேகத்தில் கீழ் வீட்டு ஓனர் சசிகலா அக்காவிடம் போய்க் கத்தினேன். தொட்டியைக் கழுவுகிறீர்களா இல்லையா என்று.

"மழ பேஞ்சா போர்ல இப்டி செம்மண்ணாத்தாம்பா வரும். வருஷா வருஷம் இதான கத. ஒங்க ரூம்ல அந்தத் தாடிக்காரப் புள்ள சாயங்காலமானா ட்ரம்முல படிகாரத்தப் பொடிச்சிப் போட்டு கலக்கிகினு இருக்குமே. இன்னா, இப்ப போடறதில்லியா?"

மேலே வந்து ட்ரம்மை எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. அந்தத் தண்ணீரில்தான் சோறு, அதில்தான் குளியல், அதில்தான் என் சவரமும். சோப்பு என்று நினைத்தேனே. சோப்பு இல்லை. அவன்தான்.

கல்லை எடுத்தது அவன், நான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை - இப்படி எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறது. தண்ணில என்று வாயெடுத்தவனை அடக்கியது யார்? அதுவும் அக்குள் அது இதென்று அடுத்தவன் முன்னால். தூ. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

ஒரகடம் போனேன். சின்ன அறை, ஆறு பேர். இசக்கி என் கன்னத்தைப் பார்த்துவிட்டு முதலில் டீ வாங்கி வரப் போனான்.

"ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"சொல்ல வந்தேன்லாண்ணே." டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கேட்டுட்டு எடுத்திருக்கணும். அது என் தப்புதான்" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வந்துவிடு, லோகேஷும் கேட்கிறான் என்றேன்.

"இல்லண்ணே, இங்கயே இருந்துக்கிடுதேன். இங்க எல்லாரும் ஒரே சோப்புதான் போடுதோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு ட்ரம்முக்குச் சுண்டைக்காய் அளவு போதும், ராத்திரி முழுக்கத் தெளியவிட வேண்டும் என்று பஸ் ஏற்றிவிடும்போது சொன்னான்.

நவம்பர் 30, ஞாயிறு

புது ஆள் வந்திருக்கிறான், இனியவன், செய்யாறு. சாயங்காலம் நான் ட்ரம்மில் படிகாரத்தைக் கலக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, காலைல நீ மூஞ்சில தேச்சியே, அந்தக் கல்லா இது?"

"இல்லப்பா, இது வேற. அது தனியா டப்பாவுல-"

"சரிண்ணா, வுடு."

டப்பாவை எடுத்து வருவதற்குள் கடைக்குக் கிளம்பிவிட்டான். மூடி வைத்த வாளி ஒன்றோடு திரும்பி வந்து, சசிகலா அக்கா வீட்டில் அதே போர் தண்ணீரைப் பிடித்து தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டான். டப்பா என் கையிலேயே இருந்தது. அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.