பாட்டரிக்காக உடைத்த கேமரா

3 பிப்ரவரி 1997
இன்றும் வலை போச்சு. வடிவேலுவின் விசைப்படகுதான், கரையோரம் வந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. போன தடவை பஞ்சாயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, என் போட் காசிமேட்டை விட்டு நகரவேயில்லை என்று சொன்ன ஆள். இன்னொரு வலை போனால் கட்டுமரத்தை விற்றுவிடுவேன் என்கிறார் நைனா. அண்ணன் ஜான்சன் மிச்சக் கயிற்றைச் சுருட்டி வைக்கிறான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

9 பிப்ரவரி
பர்மா பஜாரில் ஒரு கேமரா வாங்கிவிட்டேன். அட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஃபிலிம் உள்ளேயே இருக்கும். முடிந்ததும் லேபில் உடைத்து ஃபிலிமை எடுத்துக்கொண்டு டப்பாவைத் தூக்கிப் போடுவோம். கடல் தண்ணீர் பட்டுக் கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பாண்டி பஜார் லேபில் ஊரார் கல்யாணத்தையெல்லாம் பிரிண்ட் போடுகிறேன், நம் வீட்டு வேலைக்கு ஆகாதா?

அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். ஃபோகஸ் கிடையாது. ஃபிளாஷ் அத்தனை தூரம் எட்டாது, தொடாதே. வெயில் உன் முதுகில் இருக்கட்டும். வடிவேலு படகின் நம்பர் பெரிசாகத் தெரிகிற அளவு கிட்டே போ. கிளிக் பண்ணின கையோடு சக்கரத்தை நிற்கிற வரை திருப்பு.

"நீ ஒரு தபா வாய மூடினா, நான் எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றான். போடா.

17 பிப்ரவரி
அண்ணன் வடிவேலுவின் படகைப் படம் எடுத்துவிட்டான்! ஆனால் நான் லேபிலிருந்து வருவதற்குள் வீடே இழவு வீடு. நைனா மீன் கத்தியால் டப்பாவைப் பிளந்து, பாட்டரியை ரேடியோவில் போட்டுவிட்டார். ஃபிலிம் வெயிலில் வாலாகத் தொங்குகிறது. அண்ணன் அழுகிறான்.

"தூக்கிப் போடற சாமான்னு நீதானே சொன்ன? பாட்டரி வீணாப் போவுதேன்னு எடுத்தேன்" என்கிறார் நைனா, பாவம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "கடைசிப் படத்துக்கு அப்புறம் சக்கரத்தைத் திருப்பினியா?"

"திருப்பினேன்."

அப்படியென்றால் அழாதே என்றேன். மற்ற கேமராபோல இல்லை இது. ஃபிலிம் முழுவதையும் முதலிலேயே உருளைக்கு வெளியே சுற்றி வைத்திருப்பார்கள். எடுக்க எடுக்க, எடுத்த துண்டு வெளிச்சம் புகாத உருளைக்குள் போய்விடும். வெளியே தொங்குவது எடுக்காத ஃபிலிம். யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

18 பிப்ரவரி
படம் வந்துவிட்டது. கடைசிப் படத்தின் ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது. நடுவில் நம்பர். பக்கத்தில் தொங்குவது எங்கள் வலை, நைனா கட்டின சிவப்பு மிதவையோடு. பெரிசாகப் பிரிண்ட் போட்டேன்.

23 பிப்ரவரி
பஞ்சாயத்தில் வடிவேலு பழைய பாட்டையே பாடினார். பாடி முடியட்டும் என்று காத்திருந்து படத்தைப் பாயில் வைத்தேன். எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். புது வலை தருகிறேன், இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். நைனா என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

12 மார்ச்
இப்போது வேறு விசைப்படகுகளும் எட்டிப் பார்க்கின்றன. அண்ணன் அந்த உடைந்த டப்பாவை டேப் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகிறான். கண்ணில் வைத்துத் தூக்கிக் காட்டினால் போதுமாம், திரும்பிப் போய்விடுகிறார்கள். உள்ளே ஃபிலிமும் இல்லை, ஒன்றும் இல்லை.

நைனாதான் பாட்டரி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டார்.