ஒட்டகத்துக்கு ஒரு சாவி

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நான் நலம். நீ நலமா என்று உன்னைக் கேட்டால் எனக்கென்ன குறை என்பாய். அதனால் உன் அம்மாவிடமே போனில் கேட்டுக்கொண்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது, இடுப்பு வலி மட்டும் மிச்சம் என்றார்கள். சிறுநீரகத்தில் வந்த கிருமி லேசில் போகாதாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தித் தொலைக்காதே. கூடவே, நீ வேலையை விட்டுவிடப் போகிறாய் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன், ஒன்றும் உருப்படாது.

முதலில் ஊர்ச் செய்தி. பழைய பஸ் நிலையத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பின்சந்தில் இருந்த தையல்கார அக்காவின் கடையும் போயிற்று. டிரிப் முடித்து நாம் அவசரமாக நுழைந்தால், மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே உள்ளே கை காட்டுவாளே, அவள்தான். அவள் வீட்டுக் கழிப்பறை யார் திட்டத்திலும் இருந்ததில்லை. கடையும் வீடும் ஒட்டிக் கிடந்த தெரு என்பதால் நமக்கு வாய்த்தது. இத்தனை வருடம் அந்த ஒரு கதவை நம்பித்தான் நாம் பஸ் ஓட்டியிருக்கிறோம்.

உனக்குப் பதிலாக உன் வண்டியை, உன் தடத்தில், இப்போது நான்தான் ஓட்டுகிறேன். புது நிலையத்துக்குத் தினமும் போய் வந்த பிறகுதான் நீ பட்ட பாடு எனக்குப் புரிகிறது. கண்ணாடிக் கூரை இருக்கிறது. நீரூற்று இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளத் தனி மேடை இருக்கிறது. சுற்றிலும் மதில், மேம்பாலம், கடக்க முடியாத சாலை. கதவைத் தட்ட ஒரு வீடு கிடையாது. டிரைவர்கள் ஓய்வறையில் ஆண்களுக்கு மட்டும் கழிப்பறை. பெண் பயணிகளுக்கானது இன்னும் திறக்காத கடை வளாகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. வரைந்த புண்ணியவான் வீட்டில் பெண்களே இல்லையா என்று தெரியவில்லை.

அங்கே ஓட்ட ஆரம்பித்ததிலிருந்துதானே நீ காலையில் வாயை நனைப்பதோடு தண்ணீரை மறந்தாய்? நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறாள், இவளல்லவா டிரைவர் என்று டிப்போ ஆண்கள் உனக்கு ஒட்டகம் என்று பட்டம் கொடுத்தார்கள். நீயும் அதை ஒரு பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தாய்.

போன செவ்வாய்க்கிழமை மேம்பாலத்தின் மேலேயே வண்டிகள் நின்றுவிட்டன. இறங்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. ஒரு வழியாக நிலையத்துக்குள் நுழையும்போது அடக்கி அடக்கி எனக்குக் கண் இருட்டியது. வண்டியை வழக்கமான இடத்தில் விடவில்லை. நேரே நிலைய மேலாளர் அறை வாசலுக்கு ஓட்டி, அவர் காருக்குக் குறுக்கே நிறுத்தினேன். திரும்பிப் போகக் காத்திருந்த பயணிகள் பின்னாலேயே ஓடிவந்து ஏறி உட்கார்ந்தார்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டிச் சாவியோடு இறங்கினேன்.

மேலாளரைத்தான் உனக்குத் தெரியுமே, எதைக் கேட்டாலும் வரைபடத்தை விரிக்கிறவர். அவர் அறையோடு சேர்ந்த கழிப்பறைக்குச் சாவி கேட்டேன். அன்றைக்கும் விரித்தார். பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை இதோ இருக்கிறது பாருங்கள் என்று ஒரு சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அதற்குக் கதவுகூட அழகாக வரைந்திருந்தது. அடுத்த கட்டப் பணியில் வருமாம், அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"பொறுத்துப் பொறுத்துத்தான் சார் ஒருத்தி படுத்துட்டா," என்றேன். "நீங்க சாவியைக் குடுக்கற வரைக்கும் இந்த வண்டி நகராது."

அவர் ஒழுங்கு நடவடிக்கை என்றார், பயணிகளின் நேரம் என்றார். பயணிகளும் அதற்குள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் நம் கண்டக்டர், அந்த ஊமைக்கோட்டான், வாயைத் திறந்தார். வண்டி எதற்காக நிற்கிறது என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். பிறகு ஒரு நர்ஸ் இறங்கி வந்து என் பின்னால் நின்றாள். எனக்கு ஆதரவாக வந்திருக்கிறாள் என்று நெகிழ்ந்து போனேன். அவளோ, "எனக்கும் போகணும்," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் தாயும் மகளுமாக இருவர். வரிசை அறையைத் தாண்டி நீரூற்று வரைக்கும் போயிற்று. மேலாளர் சாவியை எடுத்து வரைபடத்தின் மேலேயே வைத்தார்.

எல்லாரும் நிதானமாகப் போய் வந்தோம். வண்டி தாமதமாகக் கிளம்பியது. யாரும் முணுமுணுக்கவில்லை. பொய் சொல்வானேன், ஒருவர் முணுமுணுத்தார். நர்ஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டார்.

மறுநாளே எனக்கு மெமோ வந்தது. திங்கட்கிழமை விசாரணை. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். என் வீட்டுக்காரரும் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றார். அவசரத்துக்குப் போனதற்கு நீங்கள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டதுண்டா என்றேன். மனிதர் பேச்சை மாற்றிவிட்டார். நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. வேலையிலிருந்து நிறுத்தினால் நிறுத்தட்டும், டிப்போ வாசலில் வந்து உட்காருவேன்.

ஆனால் நீ ஒன்று யோசி. இந்த டிப்போவில் பெண் டிரைவர் என்று நாம் இரண்டு பேர்தான். நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால், ஒருத்திக்காகவா கட்டுவது என்பார்கள். அந்தக் கட்டம் காகிதத்திலேயே செத்துப்போகும். உன்னால் முடியாமல் நீ படுக்கவில்லை. உன்னை முடியாமல் ஆக்கினார்கள். அதற்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாயா? உன் வீட்டுக்காரர் இந்த வேலை வேண்டாம் என்கிறாராம். அந்த அண்ணனிடம் சொல், அவர் பயம் நியாயம்தான், ஆனால் கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று.

கடிதத்தோடு ஒரு சாவி இருக்கிறது பார். அன்று மாலையே மேலாளர் பூட்டை மாற்றினார். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா நகல் எடுக்கச் சொல்லிச் சாவியைத் தானாகவே என் கையில் திணித்தாள். "தினம் நான்தான் கழுவுறேன், நான் போகக் கூடாதாம்," என்றாள். மூன்று நகல் எடுத்தேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இது உன்னுடையது. திருட்டுச் சாவி என்றால் திருட்டுச் சாவியாகவே இருக்கட்டும், அவர்கள் கட்டி முடித்த அன்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்தப் பட்டப் பெயரால் உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. டிப்போவில் இனி யாராவது அப்படிக் கூப்பிட்டால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். உடம்பு முழுக்கத் தேறட்டும், அவசரமில்லை, நான் சமாளித்துக்கொள்வேன். ஆனால் வந்துவிடு. இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடி. பயப்படாமல், வயிறு நிறையக் குடி.

இப்படிக்கு,
உன் வண்டியின் இருக்கையை இன்னும் உன் குள்ள உயரத்துக்கே வைத்து,
முட்டி இடிக்க ஓட்டிக்கொண்டிருக்கும்
உன் தோழி