கயிறு பிடித்த மச்சான்

12-10-97, ஞாயிறு
மாப்பிள்ளை மந்திரமூர்த்தி தூத்துக்குடியிலிருந்து ஒரு கேமரா வாங்கி வந்திருக்கிறான். முப்பது வருடப் பழசு. ஃபிலிம் போடுகிறதுதான், ஆனால் தண்ணீருக்குள் படம் எடுக்குமாம். குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற கோவில்பட்டியில்! தங்கச்சி புருசனாச்சே என்று சிரித்து வைத்தேன்.

15-10-97
எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். பதினெட்டு வருசமா இங்கன நானும்தானே உட்கார்ந்திருக்கேன்.

22-10-97
அழகிரிசாமி முதலாளியின் தீப்பெட்டிக் காலண்டருக்கு வருடாவருடம் என் படம்தான். இந்த முறை அவனை எடுக்கச் சொல்லிவிட்டார். 'முத்துக்குளி மார்க்' தீப்பெட்டி அல்லவா, நிஜமாகவே ஒருவன் முங்குகிற படம் வேண்டுமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று பார்த்தேன் — எங்க அடங்குது?

2-11-97, ஞாயிறு
மழையில் பசுவந்தனை தங்கச்சாமியின் தோட்டத்துக் கிணறு பெருகியிருக்கிறது. முங்குவது தங்கச்சாமி, படம் எடுப்பது இவன். மாப்பிள்ளைக்கு நீச்சல் அரைகுறை, தன் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என்னிடம் தந்தான்.

"மச்சான், என் கை ஈரமா இருக்கு. ஃபிலிமைப் போட்டு நீங்களே மூடிருங்க."

உள்ளே ஒரு ரப்பர் வளையம். அதில் தூசி இருந்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்று அவனே சொல்லியிருந்தான். கடுகளவு கரிசல் மண் ஒட்டியிருந்தது. பார்த்தேன். துடைக்கவில்லை. மூடிக் கொடுத்தேன்.

3-11-97
கேமராவுக்குள் தண்ணீர். அவன் சாப்பிடவே இல்லை என்று தங்கச்சி வேலுத்தாய் அழுதாள். எனக்கு நல்லாப் பசிச்சுது. நான் என்ன மனுசன்?

11-11-97
மதுரை லேபிலிருந்து ஃபிலிம் வந்தது. முதல் படம் மட்டும் தேறியிருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்து எடுத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் எட்டிப் பார்க்கிறேன். முதலாளிக்கு ஒரே சந்தோசம். முத்துக்குளிக்கப் போகிறவன் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பானாம்; தங்கச்சி தாலியை நினைத்தாவது கைவிட மாட்டான் என்று. இதுதான் காலண்டர் என்றுவிட்டார்.

1-1-98
டீக்கடை, சலூன், பெட்டிக்கடை, எங்கே போனாலும் என் முகம். ஸ்டுடியோவில் மந்திரமூர்த்தியே ஆணி அடித்து மாட்டினான். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான்.

"நான் நல்லபடியா மேல வரணுமேன்னு அவிய முகத்துல எம்புட்டுக் கவலை, பாருங்க."

தண்ணி எப்பம் உள்ள ஏறும்னுல்லா பாத்துக்கிட்டு நிக்குதேன்.

தினமும் காலையில் அதில் தாள் கிழிப்பது என் வேலை.